பத்துப் போல்ற்றும் இரண்டு பிளேன்ரீயும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் காரின் ஹெட் கஸ்கற்றை நானே மாற்றுவது என்று தீர்மானித்தேன். முற்றத்தில் நின்று தீர்மானத்தை அறிவித்தேன். துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் எதுவும் சங்கு ஊதவில்லை. என் மனைவி மட்டும், "அண்ணை இல்லாமலோ?" என்று கேட்டாள்.

அண்ணை என்று அவள் சொன்னது என் நண்பனான உன்னை.

உன் அக்கா கொடுத்தனுப்பிய ஸ்பானர் பெட்டியைத் திறந்தேன். மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கலந்த மணம் எழுந்தது. வேலை முடிந்து நீ கை கழுவும் மணம். மேல்தட்டில் ஒரு சோக்குத் துண்டு கிடந்தது. வரும் வியாழன் கந்தளாயில் உனக்கு ஆண்டுத் திவசம். நான் திருத்திய காரில், உன் உதவியில்லாமல், அங்கே போய் இறங்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். மற்றவர்களிடம் அதைத் துக்கம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஹெட் கஸ்கற் என்பது இஞ்சினின் தலைக்கும் உடம்புக்கும் நடுவே கிடக்கிற மெல்லிய தகடு. எரிந்துபோனால் தண்ணீர் போகக் கூடாத இடமெல்லாம் போகும். இதே காருக்கு நீ அதை இரண்டு தரம் மாற்றினாய். இரண்டு தரமும் நான் விறாந்தைக் கதிரையில் பத்திரிகையோடு இருந்தேன். உனக்கு ரோச் லைற் பிடித்துக் காட்டியவள் என் மனைவி. தலையை இறுக்கும் பத்துப் போல்ற்றுக்கும் சோக்கால் இலக்கம் போடுவாய். நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்று. ஒரு சுற்று முடிந்ததும் ஸ்பானரைக் கீழே வைப்பாய்.

"இரும்பு கொஞ்சம் மூச்சு விடட்டும். தங்கச்சி, ஒரு பிளேன்ரீ தாங்கோ."

இரும்பு மூச்சு விட்டது எனக்குக் கேட்கவில்லை. குசினிப் படியில் நீங்கள் இருவரும் சிரித்தது கேட்டது. எனக்கும் அந்தப் பால் விடாத தேநீர் வரும், ஆறிய பிறகு.

உன்னில் ஒரு குற்றமும் இருந்ததில்லை. இருந்திருந்தால் உன்னை வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

அன்று நான் இஞ்சின் தலையைத் தூக்கி வைத்ததும் அவள் ரோச் லைற்றோடு வந்தாள்.

"நடுவில இருந்து தொடங்குங்கோ. அண்ணை அப்பிடித்தான்."

"எனக்குத் தெரியும்."

"மூண்டு தரமா இறுக்க வேணும்."

"ஓம், ஓம். புத்தகத்திலயும் கிடக்கு."

உண்மையாகவே கிடந்தது. நூலகத்தில் எடுத்த புத்தகத்தில் அதே ஒழுங்கு படத்தோடு இருந்தது. ஆனால் அவள் அதை உன் பெயரால் சொன்ன பிறகு என் கை அதற்கு இணங்கவில்லை. ஒரு பக்கத்தை வாசிப்பதுபோல இடமிருந்து வலமாக, ஒரே மூச்சில் பத்தையும் இறுக்கினேன். பிளேன்ரீயை ரத்துச் செய்தேன்.

வியாழன் காலை, சீனக்குடா தாண்டியதும் பொனற்றிலிருந்து ஆவி கிளம்பியது. பட்டு வேட்டியோடு வீதியோரம் நின்றேன். அவள் கையில் உன் படத்துக்குக் கட்டிய மாலை.

"அண்ணை இருந்தால் இப்ப கந்தளாயில நிப்பம்."

"அவன் இருந்தால் இண்டைக்குக் கந்தளாய்க்குப் போகவே தேவையில்லை."

வாதத்தில் நான் வென்றேன். அவள் மாலையோடு பஸ்ஸை மறித்து ஏறிப் போனாள். நான் காருக்குக் காவல் நின்றேன். உன் திவசத்துக்கு நான் வரவில்லை.

அடுத்த ஞாயிறு இன்னொரு புதிய கஸ்கற். உன் சோக்கை எடுத்து இலக்கம் போட்டேன். அவள் ஒவ்வொன்றாக வாசிக்க, நடுவிலிருந்து இறுக்கினேன். முதற்சுற்று முடிந்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தேன். பிளேன்ரீ கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலே கொண்டுவந்தாள். குசினிப் படியில் குந்தி ஒரு வாய் குடித்தேன்.

"சீனி இல்லையே."

"ஐயோ! அண்ணை சீனி போடாமல்தான் குடிப்பார். கை பழக்கத்தில ஊத்திப்போட்டன்."

இரண்டாம் சுற்றுக்குப் பிறகு அடுத்த பிளேன்ரீயோடு சீனிப் பேணியையும் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன்.

கார் ஓடுகிறது. சோக்குத் துண்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் இப்போது தேநீருக்குச் சீனி போடுவதில்லை.