தொண்ணூறு சென்டிமீட்டருக்கு ஓர் அரணை

செப்டம்பர் 9, செவ்வாய்

உயிரியல் அறைக்குப் பழைய மீன் தொட்டி ஒன்று வந்திருக்கிறது. தொண்ணூறு சென்டிமீட்டர் நீளம். பாதி தரை, பாதி தண்ணீர் வைத்தால் இரண்டிலும் வாழும் பல்லியினம் ஒன்றை வளர்க்கலாம் என்றார் பிட்னரோவா டீச்சர். ஓலோமோட்ஸ் நகர விலங்குச் சந்தையில் வாங்கப் போகிறோம். எதை வாங்குவது என்று சொல்ல வேண்டியவள் என் வகுப்பு ஸ்டாஷா. பிராணிகளைக் கவனிப்பவளுக்குரிய அறைச் சாவி அவள் கழுத்தில்தானே தொங்குகிறது.

போன டிசம்பர் வரை என் கழுத்தில் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை, போனை சார்ஜ் போட, சூடு விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள் அவள். திங்களன்று எங்கள் சிறுத்தைப் பல்லி பெர்த்தா குளிரில் செத்து விறைத்துக் கிடந்தது. "பிளாங்கா மறந்துட்டா டீச்சர். நான் ஒண்ணும் பண்ணல," என்று என்னைக் கைகாட்டினாள். அவளுடைய சார்ஜரை நான் பார்த்தேன். டீச்சரிடம் காட்டுவதற்குள் அது அவள் பைக்குள் போய்விட்டது, சாவியும் அவளிடம் போய்விட்டது.

பெர்த்தா, நான் மறக்கவில்லை.

செப்டம்பர் 16

நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் படித்தேன். பச்சை நீர் ஓணான்: குட்டியில் கைக்குள் அடங்கும், வளர்ந்தால் ஒரு மீட்டர். முதலை அரணை: முழுதாக வளர்ந்தாலே ஒரு பென்சில் நீளம். ஈரப் பாசியும் ஆழமில்லாத தண்ணீரும் போதும். பயந்தால் செத்ததுபோல் விறைக்குமாம்! இந்தத் தொட்டிக்கு அரணைதான். சந்தேகமே இல்லை.

செப்டம்பர் 18

"ஏய் புத்தகப்புழு, எதுடி வாங்கலாம்? டீச்சர்கிட்ட நான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கிறேன்," என்றாள் ஸ்டாஷா.

"பச்சை நீர் ஓணான்," என்றேன்.

வளரட்டும். தொட்டியில் திரும்பக்கூட இடமில்லாமல் வளரட்டும். வசந்தம் வந்ததும் எல்லாரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள், சாவி கழன்று வரும். இவ்வளவு நாள் கழித்து இன்றைக்குத்தான் பசிக்கிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

சந்தையில் எல்லாக் குட்டிகளும் ஒரே அளவு தயிர் கப்புகளில். சாஸேஜ் தின்றுகொண்டே ஜனங்கள் கப்பைத் தூக்கிப் பார்க்கிறார்கள், வாங்குகிறார்கள். ஸ்டாஷாவும் ஓர் ஓணான் குட்டியைத் தூக்கினாள். "கப்புலயே அடங்குது டீச்சர். தொட்டியில அடங்காதா?"

மேசைக்கு அடியில் வளர்ந்த ஓணான் ஒன்று. மூக்கு நுனியே இல்லை, வெறும் புண். கண்ணாடியில் முட்டுகிறது, மறுபடி முட்டுகிறது. "இவனும் கப்புல போனவன்தாம்மா," என்றார் விற்பவர். "வாங்கினவங்க திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டாங்க."

"அது வேண்டாம்!" — நான்தான் கத்தினேன்.

"நீதானேடி சொன்ன?"

"வேணும்னுதான் சொன்னேன். பொய்."

ஏன் கத்தினேன்? ஒரு குளிர்காலம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதுமே. அந்த மூக்கைப் பார்த்திருக்கக் கூடாது.

அரணைதான் வாங்கினோம். கண்ணைச் சுற்றி ஆரஞ்சு வளையம். காரில் டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "ஒரு உயிரை வச்சுப் பழிவாங்கப் பார்த்தியே பிளாங்கா. இனிமே சாவியைப் பத்தி எங்கிட்ட பேசாதே."

எனக்கா? எங்கிட்டயா சொல்றாங்க? பெர்த்தாவைக் கொன்னவ பக்கத்துல உக்காந்து சாஸேஜ் சாப்பிட்டுக்கிட்டு வர்றா!

செப்டம்பர் 26

அரணை வெளியே வருவதே இல்லை. "சாவிக்காரம்மா, காலித் தொட்டிக்கா காவல்?" என்று பையன்கள் ஸ்டாஷாவைக் கிண்டல் செய்கிறார்கள். நல்லா வேணும்.

அக்டோபர் 2, வியாழன்



பையன்கள் வாயை அடைக்க ஸ்டாஷா இன்று பாசிக்குள் கைவிட்டு அரணையை வெளியே எடுத்தாள். கீச்சென்று கத்தியது. அப்புறம் விறைத்தது. கால்கள் நீட்டிக்கொண்டன. எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

டீச்சர் எழுந்தார். "என்ன பண்ணின ஸ்டாஷா?"

"சத்தியமா டீச்சர், இந்தத் தடவை நான் பிளக்கைப் புடுங்கவே இல்ல!"

டீச்சர் முதலில் அவளைப் பார்த்தார், பிறகு என்னை. வெகுநேரம்.

அப்போதுதான் சொன்னேன்: "அது சாகல டீச்சர். கீழ வச்சுட்டா போதும்."

அக்டோபர் 3

என் மேசையில் சாவி. கயிறு புதிது. டீச்சர் வைத்தது. எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

அக்டோபர் 14

வகுப்புக்கு முன்பே வந்து, விளக்கு போடாமல் உட்கார்ந்திருந்தேன். பாசி அசைந்தது. முதலில் ஆரஞ்சுக் கண், பிறகு முழு உடம்பு. மெல்லத் தண்ணீரில் இறங்கியது.

வாசலில் காலடிச் சத்தம், அரணை பாசிக்குள் ஓடிவிட்டது. ஸ்டாஷா. உள்ளே வரவில்லை. கதவுநிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"வெளிய வந்துச்சா?"

"இல்ல," என்றேன்.

தண்ணீர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.