கறுப்பு ஓரக் கடிதம்

1858 பிப்ரவரி 25, வியாழன்

பனி உருகி முற்றமெல்லாம் சேறு. ஐலெர்ட் பூட்ஸோடு அடுப்படிவரை வந்துவிட்டு, "தரை ஏற்கெனவே அழுக்குதானே" என்கிறான். கட்டிக்கொண்ட பாவத்துக்குத் துடைத்தேன். ரொட்டி அடியில் தீய்ந்துபோனது. அதையும் அவன் தலையில்தான் கட்டினேன்.

ஏழாம் மாதம். நன்றாக உதைக்கிறது. முந்தைய இரண்டும் ஏழைத் தாண்டவில்லை. ஓக் மரத்தடியில் கிடக்கின்றன. இரண்டு தடவையும் அம்மாவுக்கு ஆசை ஆசையாக எழுதி, பிறகு இன்னொரு கடிதம் எழுத வேண்டியதாயிற்று. இந்தத் தடவை எழுதவில்லை. பிறந்து, அழுது, பால் குடித்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

பிப்ரவரி 27

ஹெர்மன் ஊர்த் தபால் நிலையத்திலிருந்து ஐலெர்ட் ஒரு கடிதம் கொண்டுவந்தான், கடல் தாண்டி எங்கள் சொந்த ஊரிலிருந்து. உறையைச் சுற்றிக் கறுப்பு ஓரம். சாவு வீட்டுக் கடிதம்.

அம்மாவுக்கு எழுதத் தெரியாது. அவள் சொல்லச் சொல்ல அண்ணன் ஹின்ரிக்தான் எழுதுவான். அவன் கோழிக்கிறுக்கலை எங்கே பார்த்தாலும் எனக்குத் தெரியும். இது அவன் கையெழுத்து இல்லை. மணிமணியாக, பள்ளி வாத்தியார் எழுத்துபோல இருக்கிறது. ஹின்ரிக்குக்குக் கை வரவில்லை போல. அம்மா போய்விட்டாள். வேறென்ன?

பிரிக்கப் போனேன். பக்கத்துப் பண்ணை ஸ்டீனா அக்கா என் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். இந்த வட்டாரத்தில் எல்லாப் பிரசவமும் அவள்தான் பார்க்கிறாள். "வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு சாவுச் சேதி படிப்பியா? ரெண்டைப் பொதைச்சது போதாதாடி?"

"எங்கம்மா, அக்கா."

"செத்தவ செத்தவதான். மே மாசமும் செத்தவளாத்தான் இருப்பா. எங்கயும் ஓடிப்போக மாட்டா."

அவள் வாய் எப்போதும் அப்படித்தான். ஆனால் சொன்னது சரிதானே? நான் பதறினால் இதுவும் போய்விடும்.

பிப்ரவரி 28

"நீயாவது படி" என்றேன் ஐலெர்ட்டிடம்.

"நான் படிச்சா என் மூஞ்சியே உனக்குச் சொல்லிடும். எனக்கு மறைக்கத் தெரியாதுன்னு நீதானே தெனம் சொல்ற?"

உண்மைதான். சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னால் சொருகி வைத்துவிட்டான். புள்ளை பிறந்த பிறகு சேர்ந்து படிக்கலாம் என்றான்.

மார்ச் 11

மணி பார்க்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 24

நான் ஊரைவிட்டுக் கப்பலேறப் புறப்பட்ட அன்று அம்மா அழவில்லை. வண்டி கிளம்பும்போதுகூட, சால்வையை ஒழுங்காகப் போர்த்தத் தெரியவில்லை என்று வைதுகொண்டிருந்தாள். கல்மனசுக்காரி என்று எனக்கு ஆத்திரம். பிறகுதான் ஹின்ரிக் எழுதினான் – வண்டி வளைவு திரும்பி மறைந்ததும் மாட்டுக்கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். "போறவ முன்னாடி அழுதா, அவ எப்படிடா போவா?" என்றாளாம்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அம்மா, கடைசியில் யார் உனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்? ஹின்ரிக் பக்கத்தில் இருந்தானா?

ஏப்ரல் 4, ஈஸ்டர்

கறுப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். வாசலில் பாதிரியார், "யாரும்மா காலமானது?" என்று கேட்டார். ஐலெர்ட் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டே, "இன்னும் தெரியாதுங்க" என்றான். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தேன். சிரித்துச் சிரித்து, பாலம் வந்தபோது அழுதுகொண்டிருந்தேன்.

மே 8

பெண். காலை பத்து மணிக்கு. அழுதாள்! ஊரே கேட்கும்படி அழுதாள்.

மே 10

கடிதம் கேட்டேன். ஸ்டீனா அக்கா விடவில்லை. "பச்ச ஒடம்பு. இப்ப மனசு ஒடைஞ்சா பால் வத்திடும். இன்னும் ஒரு பத்து நாள் பொறுத்துக்கோ. ரெண்டு மாசத்துக்கு மேல பொறுத்தவதானே."

பொறுத்துக்கொள்கிறேன்.

மே 16, ஞாயிறு

ஞானஸ்நானம். அம்மா பெயரையே வைத்தோம் – தால்கே. போனவள் பெயராவது வீட்டுக்குள் நடமாடட்டும் என்று. பாப்பாவுக்கு மூக்கும் அம்மா மூக்குதான், சண்டைக்கார மூக்கு.

மே 19, புதன்

இன்றைக்குப் பிரித்தோம். ஐலெர்ட் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான்தான் படித்தேன்.

"கேஷே, உங்க அண்ணன் கிறிஸ்துமஸுக்கு முன்னால நெஞ்சுச் சளி கட்டிப் போய்ச் சேந்துட்டான். இனி எழுத ஆளில்ல, வாத்தியார் எழுதுறார். பண்ணைக்காரர் குடிசையை வேற ஆளுக்கு விட்டுட்டார். எனக்கு இங்க யார் இருக்கா? உங்கிட்டயே வந்துடுறேன். பிப்ரவரி கடைசில கப்பல். நியூ ஆர்லியன்ஸ்ல இறங்கி, ஆத்துப் படகுல மே மாசத் தொடக்கத்துல செயின்ட் லூயிஸ் வந்துடுவேனாம். படகுத்துறைகிட்ட விட்கோப் அம்மா விடுதி இருக்காம், நம்மூர்க்காரி. அங்கயே உக்காந்திருப்பேன். யாராவது வந்து கூட்டிட்டுப் போங்க. எனக்கு அந்த ஊர் பாஷை தெரியாது."

அம்மா உயிரோடு இருக்கிறாள்!

உயிரோடு இருப்பவளுக்கா இரண்டரை மாசம் அழுதேன்? ஹின்ரிக்… ஐயோ, என் ஹின்ரிக். உனக்குக் கை வரவில்லை என்று நினைத்தேனே. அம்மா பக்கத்தில் நீ இருந்தாயா என்று கேட்டேனே.

துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு எல்லாக் கடிதமும் கறுப்பு ஓரத் தாளில்தான் போகும். நல்ல சேதியானாலும் அதில்தான். இது எனக்குத் தெரியாதா? அப்பா இறந்த வருஷம் என் கல்யாண அழைப்பே அதில்தானே போனது! பாவி, ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

பாப்பாவிடம் சொன்னேன்: உன் பெயர்க்காரி வருகிறாள்டி. ஒரே வீட்டில் இரண்டு தால்கே, கூப்பிட்டால் யார் திரும்புவது?

மே 20

விடியுமுன் ஐலெர்ட் ரயிலுக்குப் போனான். போகும்போது, "உங்கம்மா என்னை வெளுத்து வாங்கப்போறா" என்றான். வாங்கட்டும். பதினைந்து நாளுக்கு மேல் காத்திருக்கிறாளே! பின்னறையில் கட்டில் போட்டேன். மெத்தையில் புது வைக்கோல் அடைத்தேன்.

மே 22

வண்டியில் அவன் மட்டும்தான் இருந்தான். பின்னால் அம்மாவின் துணிப்பெட்டி.

மறைக்கத் தெரியாத மூஞ்சி.

மே 24

எழுதித்தான் ஆகவேண்டும், விட்கோப் அம்மா ஐலெர்ட்டிடம் சொன்னதையெல்லாம்.

அம்மா மே மூன்றாம் தேதி வந்திருக்கிறாள். தினமும் விடிந்ததும் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாளாம், பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தொப்பிகூடக் கட்டிக்கொண்டு. ஒரு வாரம் பார்த்துவிட்டு விட்கோப் அம்மா, "ஹெர்மன் ஊருக்கு நான் ரெண்டு வரி எழுதிப் போடட்டுமா? ஒரே நாள்ல போய்ச் சேந்துடும்" என்று கேட்டிருக்கிறாள்.

அம்மா விடவில்லை.

"வேணாம். எம்பொண்ணு வராம இருக்கிற ஆளில்ல. வரலைன்னா அவளுக்குப் பேறுகாலமா இருக்கும். சொல்லலை, பாருங்க, ரெண்டு தரம் பட்டவ, பயந்துக்கிட்டுச் சொல்லாம இருக்கா. இப்ப போய்ச் சேதி விட்டா, படுக்கையில கிடக்கிறவ எழுந்து ஓடி வருவா. மெதுவா வரட்டும்."

நான் சொல்லவே இல்லையே அம்மா. உனக்கு எப்படித் தெரிந்தது?

பதிமூன்றாம் தேதி காய்ச்சல் கண்டிருக்கிறது. அப்போதும் விட்கோப் அம்மா காகிதத்தை எடுத்திருக்கிறாள். "காய்ச்சல்னு எழுதிராதீங்க. பச்ச ஒடம்புக்காரி, பயந்தா பால் வத்திடும்."

பதினேழாம் தேதி போய்விட்டாள். அங்கேயே அடக்கமும் செய்துவிட்டார்கள். நான் இங்கே கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்து பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். பத்தாம் தேதி நான் அதைப் பிரித்திருந்தால் அவளுக்குக் காய்ச்சல்கூட வந்திருக்காது.

"ஏன்யா நீ படிக்கல? படிக்கத் தெரியாதா உனக்கு? ஒரு மூஞ்சிய மறைக்கத் தெரியலைன்னு எங்கம்மாவ அங்க சாகவிட்டியே!" என்று கத்தினேன். ஐலெர்ட் மாட்டுக்கொட்டிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்ச நேரம் பொறுத்து நானும் போனேன். இருவரும் வைக்கோலில் உட்கார்ந்து அழுதோம்.

மே 25

ஸ்டீனா அக்கா வாசல்வரை வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. திட்ட வேண்டும் என்றுதான் எழுந்தேன். ஆனால் அவள் சொன்னதையேதானே அங்கே என் அம்மாவும் சொல்லியிருக்கிறாள், அச்சு அசலாக. யாரைத் திட்ட? பாப்பாவை அவள் கையில் கொடுத்தேன்.

பால் வற்றவில்லை. இவ்வளவு அழுதும் வற்றவில்லை.

ஜூன் 6, ஞாயிறு

பெட்டியை இன்றுதான் திறந்தேன். இரண்டு பாவாடை, பைபிள், ஹின்ரிக்கின் பேனாக்கத்தி. மேலாகக் குழந்தைக்கான கம்பளித் தொப்பி ஒன்று. பழுப்பு நிறம். எனக்கு அந்தக் கம்பளி தெரியும், அவள் சால்வை. ஜன்னலோரம் உட்கார்ந்து பிரித்துப் பின்னியிருக்கிறாள். பாப்பாவுக்குச் சரியாக இருக்கிறது.

அடியில் மிச்சமிருந்த கறுப்பு ஓரத் தாள் நாலைந்து, உறைகளோடு. துக்கம் முடிய இன்னும் ஆறு மாசம் இருக்கிறதே என்று கொண்டுவந்திருக்கிறாள்.

ஊரில் இருப்பது அம்மாவின் தங்கை ஒருத்திதான். அந்தத் தாளிலேயே சித்திக்கு எழுதினேன். அம்மா போனதை எழுதினேன். பாப்பா பிறந்ததை எழுதினேன், பெயரையும். ஒட்டி, முகவரி எழுதி, ஐலெர்ட்டிடம் கொடுத்தேன். மறுபடி வாங்கி, உறையின் முதுகில், கறுப்பு ஓரத்தை ஒட்டிப் பெரிதாக எழுதினேன்:

"சித்தி, கையில் கிடைத்தவுடனே பிரிக்கவும்."