மூன்றாவது பாயின்ட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் பாதியை விழுங்கிவிடுவேன், அதனால்தான் பேனாவை எடுத்தேன். வரி கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள்.

நீ காலி செய்த அறையில் என் குட்டி ரயில் குடியேறிவிட்டது. பலகை உன் பழைய படிப்பு மேசை அளவுதான், இன்ஜின் என் நடுவிரல் நீளம், இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒன்பது மில்லிமீட்டர். ஒரு பாதை இரண்டாகப் பிரியும் இடத்துக்குப் பாயின்ட் என்று பெயர். கடையில் விற்பது நீளம் அதிகம், என் பலகைக்குள் அடங்காது, அதனால் நானே செய்கிறேன். கம்பியை அரத்தால் ராவி நுனியைக் கத்தி மாதிரி ஆக்கி, செம்புப் பட்டைகள் மேல் வைத்து ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும், அதாவது சால்டரிங். முதல் இரண்டும் அருமையாக வந்தன. உன் அம்மாகூட எட்டிப் பார்த்து, "பரவாயில்லையே, உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க" என்றாள். மூன்றாவதுதான் என் உயிரை வாங்கியது. எத்தனை தடவை ஓட்டினாலும் இன்ஜின் ஒரே இடத்தில் தடம் இறங்கியது. உற்றுப் பார்த்தால் கம்பி நடுவில் வளைந்திருந்தது. பிரித்து, நிமிர்த்தி, மறுபடி ஒட்டினேன், மறுபடி இறங்கியது. கடைசியில் இரும்பு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஸ்கேலும் வளைந்திருந்தது பாப்பா. இடது கண்ணை மூடினேன், ஸ்கேல் நெளிந்தது, நடுவில் அழுக்குத் திட்டு மாதிரி ஒரு மங்கல். வலது கண்ணை மூடினேன், ஸ்கேல் நேராக நின்றது. நேரான கம்பியை நிமிர்த்துகிறேன் என்று நானேதான் வளைத்து ஒட்டியிருக்கிறேன்.

அன்றே வேன் சாவியை முதலாளியிடம் கொடுத்திருக்க வேண்டும். இருபது வருடமாகப் பள்ளி வேன் ஓட்டுகிறவனுக்கு அது தெரியாதா. ஆனால் பயம் என்ன செய்யும் தெரியுமா, அது நம்மை ஓட விடாது, ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார வைத்துவிடும். தூசி விழுந்திருக்கும், தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு நாலு நாள் ஓட்டினேன். பதினொரு பிள்ளைகள். நாலாம் நாள் காலை, மருந்துக்கடைத் திருப்பத்தில், சாலை காலியாகத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேன் ஆயா, "அண்ணே, ஆளு, ஆளு" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினார். பிரேக்கை மிதித்துவிட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வேனுக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றார். அந்த மங்கலுக்குள்தான் அவர் இருந்திருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. குலுங்கியதில் பிள்ளைகள் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பு இன்னும் காதை விட்டுப் போகவில்லை. ஓரம் கட்டிவிட்டு முதலாளிக்குப் போன் போட்டு நாலு நாளையும் சேர்த்தே சொன்னேன். அவர், "வண்டிய எடுக்காதீங்க, வேற ஆள அனுப்புறேன்" என்றார். வேறு டிரைவர் வரும்வரை கதவைப் பிடித்தபடி நின்றேன்.

கண் டாக்டர், வலது கண் விழித்திரையின் நடுப்பகுதி கெட்டிருக்கிறது என்கிறார். வியாழக்கிழமை கண்ணுக்குள்ளேயே ஊசியாம். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது, மற்றக் கண்ணையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். தினமும் காலையில் எழுந்ததும் இடது கண்ணால் ஜன்னல் கம்பிகளைத்தான் முதலில் பார்க்கிறேன். பார்க்கும் முன் ஒரு நிமிடம் கண்ணைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இது குடும்பத்தில் தொடர்ந்து வரலாமாம். உனக்கு அதற்கான வயது இல்லை என்றுதான் டாக்டர் சொன்னார், என் மனம் கேட்கவில்லை. குளியலறை டைல்ஸ் கோடுகள் நேராகத் தெரிகின்றனவா என்று ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுது. என்னைச் சமாதானப்படுத்த எதையும் மறைக்காதே, மறைப்பதற்கு நம் வீட்டில் நான் ஒருவன் போதும்.

உன் அம்மாவுக்குக் கண் விஷயம் தெரியும். அந்த நாலு நாள் தெரியாது. தெரிந்த அன்றே நிறுத்திவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அக்கம்பக்கத்தில் என்னைப் பெருமையாக வேறு பேசுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு சோறு இறங்கவில்லை. உறையை ஒட்டும் முன் இதை அவளிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். ஊசியைவிட அதுதான் எனக்கு நடுக்கமாக இருக்கிறது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவரிடம் ஒருவர் எதையும் ஒளிக்காமல் நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ.

என்றும் உன் நினைவாக,
அப்பா

பாப்பா, படித்தேன். அவரோடு இன்னும் பேசவில்லை. வியாழக்கிழமை நான்தான் கூடப் போகிறேன். நீ கோடுகளைப் பார்த்துவிட்டு உடனே எழுது.
அம்மா