கடவுச்சீட்டுக்கு ஒரு பற்றுச்சீட்டு

ஜூன் 9, செவ்வாய். ரொம்சோஸ், ஒஸ்லோ.

விடுமுறைக்கு இத்தாலியில் உல்லாசக் கப்பல் ஏறும் முறையை மகள் சாப்பாட்டு மேசையில் போனைப் பார்த்து வாசித்துக் காட்டினாள். பெட்டிகளைத் துறைமுகத்திலேயே கொடுத்துவிட வேண்டுமாம். பின்னேரம் அறைக்கு வந்துவிடுமாம். சரி என்றேன். கடவுச்சீட்டையும் வாங்கி வைப்பார்களாம்.

"நான் குடுக்க மாட்டன்."

"அம்மா, எல்லாரும் குடுக்கிறவை. கடைசி நாள் திருப்பித் தருவினம்."

"என்னை ஒஸ்லோவுக்கு அனுப்பின ஏஜென்டும் அப்பிடித்தான் சொன்னவன். அவன் வாங்கின பாஸ்போட் இன்னும் வரேல்லை."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கப்பல் ஏறத்தான் போகிறேன். ஆனால் வாங்குகிறவர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டு எனக்கொரு பற்றுச்சீட்டுத் தர வேண்டும். பின்னால் வரிசை எவ்வளவு நீண்டாலும் நகர மாட்டேன். இருபத்துமூன்று வயதில் அந்த ஏஜென்டிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது வரும். மூன்று மொழியில் வரும்.