குலுக்கலில் விழுந்த வீடு

யெரிம் அப்பா,

முள்ளங்கி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். நான் மாட்டிறைச்சி வாங்கச் சந்தைக்கு ஓடுகிறேன். இரவு நம் மகள் சாப்பிட வருகிறாள். ஆமாம், வசந்த காலத்திலிருந்து உங்களோடு பேசாத அதே மகள்தான்!

காலையில் போன் செய்து, "அம்மா, இஞ்சியோன்ல எனக்கு வீடு விழுந்திருச்சும்மா!" என்று அலறினாள். "ஐயோ, யாருக்காவது அடிபட்டுச்சாடி?" என்று நானும் அலறினேன். அந்த ஊரில் புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளை வாங்க நடந்த குலுக்கலில் அவள் பெயர் வந்திருக்கிறதாம்! அவள் பெயரில் மாதாமாதம் நீங்கள் பணம் போட்ட வீட்டுச் சேமிப்புக் கணக்கு இருந்ததால்தான் குலுக்கலில் சேரவே முடிந்தது. வசந்த காலத்தில் "பாஸ்புக்கைக் குடுங்க, கணக்கை முடிச்சுட்டு ஊர் சுத்தப் போறேன்" என்று அவள் குதித்தபோது, அதை மெத்தைக்கடியில் வைத்து மேலே படுத்துக்கொண்டீர்களே, அதே கணக்குதான்.

"அப்பாகிட்ட நானேதான் சொல்வேன், நீ வாயத் திறக்காத" என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் எங்கே வாயைத் திறந்தேன்? எழுதத்தானே செய்கிறேன்! அவள் சொல்லும்போது புதிதாகக் கேட்பதுபோல் நடியுங்கள். "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

யெரிம் அம்மா

பி.கு.: "அப்பா இன்னும் கோவமா இருக்காராம்மா?" என்று கேட்டாள். "இந்த மாசமும் உனக்குப் பணம் போட்டாருடி" என்றேன். "ராத்திரி சாப்பிட வர்றேம்மா" என்றாள்.

இன்னொன்று: இந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். முகத்தில் வழிகிற சிரிப்பை என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.