ஊறப்போடாத மா

ஆவணி 4, செவ்வாய்

விடியத் தொடங்கின மழை விடவில்லை. மொட்டை மாடியில் மிளகாய் காயப்போட முடியவில்லை. கடல் பக்கம் ஒரே கறுப்பு.

லொறி வந்தது. பளையிலிருந்து பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா, கிளிநொச்சிச் சிவப்பரிசி, எள்ளு. ஒரு மூட்டை அடியில் ஈரம். பிரித்து மணந்து பார்த்தேன். தப்பியது.

மருமகள் றெஜினா இன்சூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு இந்த வியாபாரத்தில் இறங்கி இரண்டு வருடம். வடக்கில் விளைவதை வாங்கி, பைக்கற் போட்டு, கடைகளுக்குக் கொடுப்பது. இப்போது பெரிய கடை ஒன்று கிருலப்பனைக் கிளையில் மட்டும் வைத்துப் பார்க்கிறது. ஓடினால் எல்லாக் கிளைக்கும் எடுப்பார்களாம். வாய் திறந்தால் அதே கதை. மா அரிப்பது, பழுதானதைப் பார்த்து ஒதுக்குவது என் வேலை.

முழங்கால் உளைவு. எண்ணெய் முடிந்தது.

ஆவணி 5, புதன்

மழை இல்லை. காலை பத்து மணிக்குக் கிருலப்பனையிலிருந்து போன். றெஜினா நின்றபடியே சிங்களத்தில் கதைத்தாள், பிறகு கதிரையில் இருந்துவிட்டாள்.

ஒரு சிங்கள ரீச்சர் எங்கள் ஒடியல் மாவை வாங்கி, அப்படியே குழைத்து, ரொட்டி சுட்டிருக்கிறா. அவவுக்கு வயிற்றைப் பிரட்டிச் சத்தி. தாய்க்குச் சத்தியும் தலைச்சுற்றும். தாய் ஆஸ்பத்திரியில்.

ஊறப்போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிப் பிழிந்து, கசப்பை எடுக்காமல் யார் அந்த மாவைத் தின்பது? எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. றெஜினா கொழும்பில், கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த பிள்ளை. கலியாணத்துக்கு முதல் ஒடியலைக் கண்ணால் கண்டிருக்க மாட்டாள்.

அதனால்தான் என்னிடம் கேட்டாள். ஆனி மாதம், ஒரு வியாழன். நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமி, ஒடியல் மாவில என்ன சமைக்கிறதெண்டு பைக்கற்றில அடிக்க வேணும்."

"கூழ், பிட்டு எண்டு போடு."

"சமைக்க முதல் ஏதும் செய்ய வேணுமோ?"

"தெரிஞ்ச ஆக்கள்தான் வாங்குவினம்."

அன்று காலை அவள் தன் தாயோடு போனில் சொன்னது என் காதில் விழுந்திருந்தது. "மாமிக்குப் பொழுது போகட்டுமெண்டு மா அரிக்க விட்டிருக்கிறன், மம்மி." பொழுது போகவாம். அந்தத் தாய்தான் கலியாணத்தன்று மாப்பிள்ளையைப் பெற்ற என்னை முதல் பந்தியில் இருத்தாதவள். அது நடந்து பதினேழு வருடம்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

ஆவணி 7, வெள்ளி

கடைக்காரர் எங்கள் சாமான் முழுவதையும் தட்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். அரிசி, எள்ளு, மிளகாய்த்தூள், எல்லாம். மனேஜர் வீட்டுக்கே வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்கவில்லை.

பைக்கற்றில் இருப்பதை எழுதியது யார் என்று கேட்டார்.

"நான்தான் சேர். எனக்குத் தெரியாது. விசாரிச்சிருக்க வேணும், விசாரிக்கேல்லை."

றெஜினா சிங்களத்தில் சொன்னாள். எனக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும். நான் குசினி வாசலில் நின்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

பிறகு தோடம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரீச்சரின் தாய்க்கு இன்னும் சேலைன் ஏறுகிறதாம். ரீச்சர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லையாம். பழத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒருவரும் தொடவில்லை.

ஆவணி 8, சனி

வெயில். மிளகாய் போட்டேன். யாருக்கென்று தெரியவில்லை.

பளையில் மா இடிக்கிற பெண்களிடம் இனி அனுப்ப வேண்டாம் என்று றெஜினா போனில் சொன்னாள். போனிலிருந்து ஒருத்தியின் குரல் வீடெல்லாம் கேட்டது.

"ஊறப்போட வேணுமெண்டு உங்கட மாமி சொல்லேல்லையோ தங்கச்சி? அவ எங்கட பக்கம்தானே?"

றெஜினா போனை வைத்தாள். வந்து எனக்கு முன்னால் இருந்தாள்.

"மாமி, நான் அண்டைக்குக் கேட்டனான்."

நான் சுளகைப் பார்த்தேன்.

"நீங்கள் மறந்திருப்பீங்கள். வயசுதானே. மறந்தனீங்கள்தானே, மாமி?"

கோபமில்லாத முகம். காத்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"ஓம். மறந்துபோனன்."

மேசையில் படித்துக்கொண்டிருந்த பேத்தி ஷாமினி தலையை நிமிர்த்தினாள். "அப்பம்மாவோ? மறந்தவவோ?" என்று சிரித்தாள். தாய் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றது.

ஆவணி 9, ஞாயிறு

மகன் ரவி கட்டாரிலிருந்து போன் எடுத்தான்.

"அம்மா, இண்டைக்கு என்ன கிழமை?"

"உனக்குத் தெரியாதோ?"

"சும்மா சொல்லுங்கோவன்."

எனக்கு மறதி என்று றெஜினா சொன்னாளாம், சொல்லிவிட்டான். அழுகிற குரல்.

றெஜினா பூசைக்குப் போகும்போது காஸ் சிலிண்டரைப் பூட்டிவிட்டுப் போனாள். அரிதட்டையும் காணவில்லை. நாளை முதல் தெஹிவளையிலிருந்து ஒரு பெண் வந்து அரிப்பாளாம். "நீங்கள் ஓய்வா இருங்கோ, மாமி." அந்தச் சொல்லில் குத்தல் இல்லை. குரலிலும் தேடிப் பார்த்தேன், இல்லை.

ஆவணி 10, திங்கள்

ரீச்சரின் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாவாம். இன்னும் கைத்தாங்கலாகத்தான் நடக்கிறாவாம்.

கடையிலிருந்து கடிதம். இனி எங்கள் சாமான் எந்தக் கிளைக்கும் வேண்டாம். றெஜினா இரண்டு தரம் வாசித்து மடித்தாள். பழைய ஒபிசுக்குப் போன் எடுத்தாள். அவளுடைய இடத்தில் வேறு ஆள். புதிதாகச் சேர வயது கூடவாம்.

தெஹிவளைப் பெண் அரிசி மா அரித்தாள். அரிபடாத கப்பி அப்படியே கிடக்கிறது. மறதிக்காரி எப்படிக் குறை சொல்வது.

என் மறதிக்காக நாளை ஒன்பது மணிக்கு டொக்டர். என்னென்ன கேட்பார் என்று ஷாமினி போனில் தேடிச் சொன்னாள். இன்றைய திகதி. வீட்டு இலக்கம். மூன்று சாமான்களின் பெயர் சொல்லி, கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்பாராம். மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்வாராம்.

மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாதி, ஆவணி. தைவரை சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்திலும் தடக்கவில்லை.

நாளை டொக்டரிடம் புரட்டாதியை விட்டுவிட வேண்டும்.