வாய்ப்பன் சுட்ட சனிக்கிழமைகள்

புதுத் தொலைக்காட்சி வந்திருக்கிறது. பாதிச் சுவரை அதுவே பிடித்துக்கொண்டது. மகன் அதை மாட்டிவிட்டு, பழையதன் ரிமோட்டைக் குப்பைப் பைக்குள் போடப் போனான். பறித்து எடுத்துக்கொண்டேன்.

"அம்மா, அப்பான்ரை இந்த ரிமோட் இனி ஒண்டுக்கும் உதவாது."

"உதவாட்டில் பரவாயில்லை. இஞ்சை தா."

செய்திகளை எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் டிவியைத் திறக்கும் பொத்தான் மட்டும் உங்கள் பெருவிரல் பட்டுத் தேய்ந்து வழுவழுவென்று இருக்கிறது. மற்றவையெல்லாம் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கின்றன.

சனிக்கிழமை பின்னேரம் பஸ் ஓடிவிட்டு வந்தால், சீருடையைக்கூடக் கழற்றாமல் அதற்கு முன்னால்தான் இருப்பீர்கள். ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. கறுப்புத் திரையில் இங்கிலாந்து உதைபந்தாட்டக் கழகங்களின் பெயர்களும் கோல் எண்ணிக்கையும் மட்டும். உங்கள் கழகம் நாலாம் பிரிவில், அதிலும் அடியில். பக்கம் புரண்டு புரண்டு அது வரும்வரை மூச்சு விடாமல் காத்திருப்பீர்கள். நாங்கள் இருக்கிற ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளில் எத்தனையோ பேர் பெரிய கழகங்களின் ஆட்டங்களைப் படமாகவே பார்த்துக் கத்திக்கொண்டிருக்க, எழுத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்ட ஒரே மனிதர் நீங்கள்தான்.

அந்தக் கழகத்தை நீங்கள் தேடிப் போகவில்லை. இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், தேவாலயத்தில் கொடுத்த பழைய உடுப்புகளுக்குள் அதன் கழுத்துச் சால்வை கிடந்தது. என்னவென்று தெரியாமல் குளிருக்குச் சுற்றிக்கொண்டு ரயில் ஏறிய உங்கள் பக்கத்தில், சால்வையைக் கண்டு ஒரு நோர்வேக்காரர் வந்து இருந்து, இறங்கும்வரை கதைத்தார். "ஒண்டும் விளங்கேல்லை. ஆனா இந்த நாட்டிலை முதல் என்னோடை கதைச்ச மனிசன் அவர்தான்," என்று எல்லோரிடமும் சொல்வீர்கள். கழகத்தின் பெயரைப் பிறகு ஆரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். அதன்பிறகு விடவில்லை.

நான் சொல்ல வந்தது அந்த ஒரு பருவத்தைப் பற்றி. உங்கள் கழகம் நாலாம் பிரிவிலிருந்தும் விழுகிற நிலையில் நின்றது. அதற்குக் கீழே விழுந்தவர்களுக்கு டெக்ஸ்ட் டிவியில் இடம் இல்லை. கைப்பேசியில் எல்லாம் வரும் காலமும் அது இல்லை. கழகம் விழுந்தால் உங்கள் சனிக்கிழமையும் அதோடு போய்விடும்.

அந்த நேரம் பார்த்துத் தவக்காலம் வந்தது. நெற்றியில் சாம்பலோடு பூசையால் வந்து, வழக்கம்போல இறைச்சியை விடுகிறேன் என்றீர்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மன்னார்க்காரருக்கு மீன் இருந்தால் காணும். இதைப் போய் ஒறுத்தல் எண்டு ஆண்டவரிட்டைச் சொல்லாதேங்கோ."

சாப்பிட்டு முடிந்ததும் ரிமோட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தீர்கள்.

"பாஸ்காத் திருநாள் வரும்வரைக்கும் நான் பாக்கமாட்டன். நீர் பாரும். எனக்குச் சொல்லாதையும்."

"எனக்கென்னத்துக்கு அது?"

"ஆராவது ஒராள் பாக்கத்தானே வேணும். பாவங்கள், ஒருத்தரும் பாக்காமல் எப்பிடி விளையாடுறது?"

"கழகம் தப்ப வேணும் எண்டு நேர்த்தியோ?"

"ஒண்டும் கேக்கேல்லை. கேட்டால் அது யாவாரம்."

சனிக்கிழமைகளில் நான் திரைக்கு முன்னால் இருப்பேன். நீங்கள் குசினியில் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் வெட்டுவீர்கள், தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டு. எழுத்துக்கு ஏது சத்தம்? முதல் கிழமையே தோல்வி. என் முகம் எதையும் மறைக்காது என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நேரே போய் வாழைப்பழத்தை மாவோடு பிசைந்து, எண்ணெயில் உருண்டை உருண்டையாக வாய்ப்பன் சுட்டேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றால் முகத்தைக் காட்டத் தேவையில்லை. அடுத்த கிழமையும் தோல்வி, அடுத்த கிழமையும் வாய்ப்பன். நீங்கள் ரசித்துச் சாப்பிட்டீர்கள். ஒரேயொரு கிழமை ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மறைக்க ஒன்றும் இல்லாததால் அன்றைக்குச் சுடவில்லை. நீங்கள் வாடிய முகத்தோடு நேரத்துக்கே போய்ப் படுத்தீர்கள். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் கட்டில் விரிப்பு மாற்றும்போதும் அந்தக் கழகத்தின் நினைவுதான். கண்ணால் கண்டிராத பெடியன்களுக்காகக் கவலைப்பட்டேன். அதைச் சொல்லி ஆற இருந்த ஒரே ஆள் நீங்கள். உங்களிடம்தான் சொல்லக் கூடாது.

ஆண்டவர் உயிர்த்த இரவின் பாஸ்காப் பூசை முடிந்து ரயிலில் ஏறி இருந்ததும் என் பக்கம் திரும்பினீர்கள்.

"இப்ப சொல்லும். வாய்ப்பன் சுட்ட கிழமையெல்லாம் வெற்றிதானே?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இல்லையப்பா. அதெல்லாம் தோல்வி."

"சுடாத கிழமை?"

"அண்டைக்கு மட்டும் சமன்."

பெட்டியில் இருந்த நோர்வேக்காரர் எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சிரித்தீர்கள். சிரித்து முடிந்து என் கையைப் பிடித்தீர்கள்.

"இவ்வளவத்தையும் தனியவோ வைச்சிருந்தனீர்?"

"நீங்கள்தானே சொல்லாதையும் எண்டனீங்கள்."

"ஓம். என்ரை ஒறுத்தல் எண்டு நினைச்சன். அது உம்மடையாப் போச்சு."

கடைசி ஆட்டத்தை இரண்டு பேரும் ஒன்றாக இருந்துதான் பார்த்தோம். அன்றும் தோற்றார்கள். ஆனால் எங்களுக்குக் கீழே இருந்தவர்களும் அதே நேரத்தில் தோற்றார்கள். பக்கம் புரண்டபோது எங்கள் பெயர், விழுகிறவர்களைப் பிரிக்கும் கோட்டுக்கு மேலே இருந்தது. உங்கள் சனிக்கிழமை தப்பிவிட்டது. நீங்கள் துள்ளவில்லை. ரிமோட்டை மெல்ல மேசையில் வைத்தீர்கள்.

"வாய்ப்பன் சுடும்."

"என்னத்துக்கு? தோத்ததுக்கோ, தப்பினதுக்கோ?"

"ரெண்டுக்கும்."

நீங்கள் ஆண்டவரிடம் போன பிறகும் சனிக்கிழமை பின்னேரங்களில் பார்க்கிறேன். இப்போது கைப்பேசியில். மகனுக்கு இதில் அக்கறை இல்லை. கேட்டால், "ஆர் அம்மா அவங்கள்?" என்பான். முடிவு தெரிந்தும் சொல்ல நீங்கள் இல்லை என்பது எனக்கு இன்னும் பழகவில்லை. அந்தத் தவக்காலத்துக்கு ஒரு பாஸ்கா இருந்தது. நீங்கள் இல்லாத இந்தக் காலத்துக்கும் ஒன்று இருக்கிறது என்று நம்பித்தான் இருக்கிறேன். அங்கே என்னைக் கண்டதும் சுகமோ என்று கேட்கமாட்டீர்கள், "இப்ப சொல்லும்" என்றுதான் கேட்பீர்கள். எல்லாம் ஞாபகம் வராது, எனக்கும் வயது போகிறது. வந்த மட்டும் சொல்லுவேன்.

அதுவரை ஆராவது ஒராள் பார்க்கத்தானே வேண்டும்.

இன்றைக்கும் ஆட்டம் இருந்தது, பார்த்தேன். என்ன நடந்தது என்று இதில் எழுதமாட்டேன், சொல்லாதையும் என்றீர்களே. எழும்ப வேண்டும். பழம் பிசைந்து வைத்திருக்கிறேன், அடுப்பில் எண்ணெய் காய்ந்துவிட்டது.